மேரா ஏறுவதற்கு முன் பழகிய கூப்பாடு

சிவனொளிபாதமலை ஏறும்போது கால் வலிக்கிறது என்று யாரும் சொல்லக்கூடாது. இன்னும் எவ்வளவு தூரம் என்றும் கேட்கக்கூடாது. கேட்டால் மலை வளர்ந்துவிடும் என்பார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து வருடா வருடம் ஒரு கூட்டம் இரத்தினபுரிப் பக்கத்து வழியாக மலைக்குப் போகும். கூட்டத்தை நடத்திப் போகிறவர் என் அக்காவின் புருஷன். யாராவது முனகினால் மச்சான் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். முனகியவர் முனகலை அப்படியே "அரோகரா" என்று மாற்றி முடித்துவிடுவார். உச்சியில் தொங்கும் மணியை, இதுவரை எத்தனை தடவை ஏறியிருக்கிறோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும். மச்சான் அடிக்கத் தொடங்கினால் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட மனுஷனைத்தான் நான் இமயமலைக்குக் கூட்டிப் போகத் திட்டம் போட்டேன்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ரம்புக்கனையில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தேன். எம்பிலிப்பிட்டியச் சந்தையில் வாழைக்குலை இறக்கினேன். இரத்தினபுரியில் மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைத்தேன். ஒரு நாள் குழியின் பக்கச் சுவர் சரிந்து இடுப்புவரை புதைந்தது, இழுத்து எடுத்தார்கள், மறுநாள் வேறு குழிக்குப் போனேன். எந்த இடத்திலும் நிலைத்து இருந்ததில்லை. கடைசியில் வளைகுடாவுக்குப் போய்க் கட்டட வேலை பார்த்தேன். அங்கே தகரக் கொட்டகையில் என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுத்திருந்தவர் ஒரு நேபாளி. நேபாளத்தில் அண்ணனைத் தாஜு என்பார்கள். நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன்.

தாஜுவின் தொழில் வெளிநாட்டுக்காரர்களைப் பனிமலைக்கு நடத்திப் போவது. அவர் நாட்டில் சண்டை நடந்ததால் ஆட்கள் வருவது குறைந்துபோய், தரைக்கு ஓடு பதிக்க வளைகுடாவுக்கு வந்திருந்தார். கோடையில் கூரைத் தகரம் கொதிக்கும்போது மேல் கட்டிலிலிருந்து அவர் பனியைப் பற்றிச் சொல்லுவார். அதிலும் மேரா என்ற மலையைப் பற்றி அதிகம் சொல்லுவார். ஆறாயிரம் மீட்டருக்கு மேல் உயரம். சிவனொளிபாதமலை மூன்றை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஏறக்குறைய அவ்வளவு வரும். "கயிற்றில் தொங்க வேண்டியதில்லை. நடக்கத் தெரிந்தால் போதும். ஆனால் மூச்சு இருக்காது" என்பார். எனக்கு நடக்கத் தெரியும். அதைத் தவிர வேறு எதையும் நான் ஒழுங்காகக் கற்றதில்லை.

அவர் நாட்டில் சண்டை ஓய்ந்ததும் தாஜு பழைய தொழிலுக்குத் திரும்பிப் போனார். அடுத்த வருடம் நானும் ஊர் திரும்பி, ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் அக்காவின் வீட்டில் தங்கிப் பால் வெட்டப் போனேன். எங்கள் நாட்டில் சண்டை அப்போது மும்முரமாக இருந்தது. ஒரு நாள் தாஜுவிடமிருந்து அழைப்பு வந்தது. மழைக்காலம் முடிந்ததும் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் மேராவுக்கு வருகிறார்களாம். ஒரு கூட்டத்துக்கு ஒரே அனுமதிதான், அதில் இன்னும் இருவருக்கு இடம் இருக்கிறதாம். எங்கள் சாமான்களை நாங்களே சுமந்து, வழியில் சமையலுக்கும் கைகொடுத்தால் கூட்டிப் போவதற்கு அவர் ஒன்றும் கேட்கமாட்டாராம். ஒரு கூடாரத்தில் இருவர் படுக்கலாம், அதனால் தனியாக வராதே என்றார்.

வளைகுடாவில் சேர்த்ததில் அக்கா வீட்டுக் கூரை மாற்றியது போகப் போக்குவரத்துக்கு மீதி இருந்தது. இரண்டாவது ஆளாக மச்சானைத் தவிர வேறு யாரையும் நான் நினைக்கவில்லை. அவரிடம் சொன்னபோது பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அங்க இருந்து கைலாசம் தெரியுமா?" என்றார்.

"தெரியாதாம் மச்சான். கேட்டேன். அது வேற பக்கமாம்."

"பரவாயில்ல. எந்தப் பக்கம்னு சொன்னா அந்தப் பக்கம் பாத்துக் கும்பிட்டுக்கலாம்."

அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அவளும் பால் வெட்டுகிறவள்தான். என்னைவிட வேகமாக வெட்டுவாள்.

"ரெண்டு பேரு போறீங்க. ரெண்டு பேரும் வரணும். ஒருத்தன் மட்டும் வந்து நின்னா வாசலோட அனுப்பிருவேன், ஆமா."

"யாரு ஒருத்தன்? நானா, இவனா?" என்றார் மச்சான்.

"எவனா இருந்தாலும்."

தோட்டத்தில் கைபேசிக்கு அலை கிடைக்கும் இடம் ஒன்றுதான். மேல் டிவிசனுக்குப் பின்னால் ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. பாறை உச்சியில் நின்றுதான் நாங்கள் இமயமலைக்குத் திட்டம் போட்டோம். நானும் தாஜுவும் பேசியது வளைகுடாவில் கற்ற இந்தி. நான் கேட்டு மச்சானுக்குத் தமிழில் சொல்லுவேன். சுமையோடு நடந்து பழக வேண்டும், மலை ஏறும் சப்பாத்தை இப்போதே வாங்கிக் காலில் போட்டுத் தேய்க்க வேண்டும், இதெல்லாம் மச்சானுக்குப் புரிந்தது. அங்கே போனபின் பகலில் உயரத்துக்கு ஏறி, இரவு கீழே இறங்கிப் படுத்து, மறுநாள் மீண்டும் ஏறுவோம் என்றதும் முகம் சுளித்தார்.

"ஏறின மலைய எறங்கி மறுபடி ஏறவா? அவருக்கு வழி தெரியுமா தெரியாதா, கேளு."

"அப்பத்தான் ஒடம்பு அந்தக் காத்துக்குப் பழகுமாம்."

கடைசியாகத் தாஜு ஒன்று சொன்னார். மேலே தலை வலித்தால், குமட்டினால், பசி நின்றால் அந்த நிமிடமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் கீழே இறக்கிக் காப்பாற்றலாம். சொல்லாமல் ஏறுகிறவன் இரண்டு நாளில் செத்துப்போவான். "பலசாலிகள்தான் சொல்லமாட்டார்கள். உன் மச்சான் பலசாலி என்கிறாய். முதலில் அவரோடு ஒரு மலை ஏறு. வலித்தால் சொல்கிறாரா என்று பார்த்து எனக்குச் சொல். சொல்லாத ஆளை நான் கூட்டிப் போகமாட்டேன். அவர் இல்லாவிட்டால் உனக்கும் இடமில்லை."

மச்சானிடம் அதை அப்படியே சொன்னேன்.

"வலிச்சா சொல்லப் போறேன். இதுக்கெல்லாம் ஒத்திகையா?" என்றார்.

ஒத்திகைக்கு எந்த மலை என்று நாங்கள் யோசிக்கவேயில்லை. எங்களுக்குத் தெரிந்த பெரிய மலை ஒன்றுதான். பங்குனி மாதம், தோட்டத்துக் கூட்டம் இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பினோம். புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய பழைய சப்பாத்து ஆளுக்கு ஒரு சோடி. சுமைக்கு ஆற்று மணல். உரப்பையில் மணலைக் கட்டி முதுகுப் பைக்குள் வைத்துக்கொண்டோம்.

இரத்தினபுரிக்குள் நுழையும் முன் காவலரணில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், முதுகில் கனமான பை. இறங்கச் சொன்னார்கள். மச்சானுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பையில் என்ன என்று கேட்ட பொலிஸ்காரரிடம் மணல் என்றார். பொலிஸ்காரர் பையைக் கவிழ்த்து, மணலைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி விரலிடுக்கில் விட்டுப் பார்த்தார்.

"இங்கேருந்து மண்ண ஒளிச்சுக் கொண்டு போறவன நெறையப் பிடிச்சிருக்கேன். அதுல மாணிக்கம் இருக்கும். இரத்தினபுரிக்கு மண் கொண்டு வர்றவன இன்னைக்குத்தான் பாக்கிறேன்" என்றார் சிங்களத்தில்.

இமயமலைக்குப் போகப் பழகுகிறோம் என்று நான் உண்மையைச் சொன்னேன். நிலைமை இன்னும் மோசமானது. மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். வெயில் உச்சிக்கு வரும்வரை உட்கார்ந்திருந்தோம். அந்தக் காலத்தில் இது புதிதில்லை, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். பிறகு மச்சான் எழுந்து போய், மலைக்குச் சிங்களவர் சொல்லும் பெயரைச் சொல்லி, ஸ்ரீபாதத்துக்குப் போகிறோம் ஐயா, வருடா வருடம் போகிறவன் நான், என்றார். எத்தனை தடவை ஏறியிருக்கிறாய் என்று கேட்டார் பொலிஸ்காரர். மச்சான் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. போய் வா, எனக்கும் சேர்த்துக் கும்பிடு என்றார். மணலை மட்டும் திருப்பித் தரவில்லை. வீதியோரத்தில் அது குவிந்து கிடந்தது.

இரத்தினபுரிச் சந்தையில் மணலுக்குப் பதிலாகத் தேங்காய் வாங்கிப் பைகளை நிரப்பினோம்.

இரத்தினபுரிப் பக்கத்தில் மலையடிவார ஊரான பலாபத்தலையிலிருந்து போகும் பாதை மற்றப் பாதைகளைவிட நீளம், செங்குத்து, அட்டையும் அதிகம். தாஜு சொன்னபடி, நிற்கும் இடத்திலெல்லாம் மச்சானிடம் தலை எப்படி, வயிறு எப்படி, கால் எப்படி என்று கேட்டேன்.

"சாமி புண்ணியத்துல நல்லா இருக்கேன்."

"அப்படிச் சொல்லக்கூடாது மச்சான். உள்ளதச் சொல்லணும்."

"உள்ளதத்தான் சொல்றேன். நட."

சரி, நாமாவது வழிகாட்டுவோம் என்று நான் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்கு மூச்சு வாங்குது மச்சான், எனக்கு முட்டி வலிக்குது மச்சான் என்று படிக்குப் படி சொன்னேன். முன்னால் வெள்ளைச் சேலையில் போய்க்கொண்டிருந்த ஒரு சிங்கள அம்மா நின்று திரும்பினார். "எஹெம கியண்ட எபா!" என்று அதட்டினார். அப்படிச் சொல்லாதே என்றுதான். பிறகு மச்சானைப் பார்த்து, வயசில் மூத்தவர் நீங்கள், இவனுக்குச் சொல்லிக் கூட்டி வரக்கூடாதா என்று கேட்டார். ஊரையே வாய் மூட வைக்கிற மச்சான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மன்னிச்சுக்கங்க அம்மா, இவனுக்கு மூளை கொஞ்சம் மட்டு என்றார் சிங்களத்தில். எனக்குச் சிங்களம் தெரியாததுபோல.

அதற்குப் பிறகு அவர் எனக்கு நாலு படி முன்னாலேயே ஏறினார். உச்சியில் மணி அடித்தார். நெடுநேரம் அடித்தார். கும்பிட்டுவிட்டு வந்தவர், பையைத் திறந்து தேங்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தோட்டத்து ஆட்கள் வழக்கமாக உடைக்கும் கல்லில் உடைக்க ஆரம்பித்தார்.

"மச்சான், அது சுமை! எறங்கறப்பவும் தூக்கணும்!"

"சாமிகிட்டக் கொண்டு வந்த தேங்காய வீட்டுக்கா தூக்கிட்டுப் போவாங்க? ஒன் பையையும் குடு."

வெறும் பையோடு இறங்கினோம். இறங்கும்போது அவர் நடை கொஞ்சம் கோணலாக இருந்தது. கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். சப்பாத்து ஓர் அளவு சிறியது. இரண்டு கால் பெருவிரல் நகமும் கறுத்து, ஒன்று தனியாகப் பெயர்ந்து நின்றது. காலுறை இரத்தத்தில் நனைந்து ஒட்டிப்போயிருந்தது.

"எப்பருந்து மச்சான்?"

"ஏர்றப்பவே கடிச்சிச்சு" என்றார் சன்னலைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் பாறையில் நின்று தாஜுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காய்க் கதையைக் கேட்டு நெடுநேரம் சிரித்தார். நகத்தைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. "நகம் என்றால் நான் கண்ணால் பார்ப்பேன். மூளையில் நீர் கட்டினால் எப்படிப் பார்ப்பேன்? அவர் வாயால் சொன்னால்தான் எனக்குத் தெரியும். வேண்டாம் தம்பி. அவர் நல்ல மனுஷன். வீட்டில் இருக்கட்டும்."

கொஞ்ச நாள் அவகாசம் கொடு என்று கேட்டேன். வெளிநாட்டுக்காரர்களின் பெயர்களை அலுவலகத்தில் கொடுக்கும்வரை பார்க்கலாம், அதற்கு மேல் முடியாது என்றார்.

மச்சானிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அப்ப நீ வேற ஆளப் பாரு மாப்ள" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும்போது எனக்கு முன்னால் தனியாக நடந்தார். வேறு ஆளை நான் தேடவில்லை. அவருக்குக் கைலாசம் இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிட வேண்டும். எனக்கோ அவர் இல்லாமல் அக்கா முகத்தில் விழிக்கவும் மனமில்லை, போகாமல் இருக்கவும் மனமில்லை. திட்டம் அப்படியே நின்றது.

ரப்பர் மலையில் மழைதான் எங்களுக்கு எதிரி. விடியற்காலையில் மரத்தை வெட்டிச் சிரட்டையை வைத்தால், பால் வடிந்து முடிய நேரமாகும். அதற்குள் மழை வந்தால் பாலெல்லாம் கரைந்து ஓடிவிடும், அன்றைய வேலையும் போய்விடும். அதனால் முதல் தூத்தல் யார்மேல் விழுகிறதோ அவர் உடனே "கூ" என்று கூப்பிட வேண்டும். கேட்டவர் அடுத்தவருக்குக் கூப்பிடுவார். மலை முழுக்கக் கத்தியைப் போட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பாலைச் சேர்ப்பார்கள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் மச்சானின் குரல் கேட்டது. "கூ... தூத்தல்! தூத்தல் விழுது!" எல்லோரும் ஓடினோம். அரைகுறையாக வடிந்த பாலைச் சேர்த்துக்கொண்டு பால் ஸ்டோருக்கு வந்து பார்த்தால் வெயில் பளீரென்று அடிக்கிறது. இலையில் தங்கியிருந்த பனிநீர் சொட்டியிருக்கிறது. யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக யாரையும் ஏசுவது எங்கள் வழக்கமில்லை.

தேத்தண்ணீர் குடிக்கும்போது அக்காதான் ஆரம்பித்தாள்.

"ஏங்க, மழையே இல்லியே. எதுக்கு அந்தக் கத்துக் கத்துனீங்க?"

"கையில ஒரு சொட்டு விழுந்திச்சு. கத்துனேன்."

"கொஞ்சம் நின்னு பாத்துட்டுக் கத்துறது?"

"நின்னு பாக்கவா? நான் பாத்துக்கிட்டு நின்னா ஊர் பாலெல்லாம் போயிராதா? என்ன பேசுற நீ?"

"கால்ல ரத்தம் சொட்டுனப்ப மட்டும் நின்னு பாத்தீங்களே."

மச்சான் கோப்பையைக் கீழே வைத்தார். "அது சாமி மலை. அங்க சொல்லக்கூடாது."

"அங்க சொல்லாதீங்க. யாரு சொல்லச் சொன்னா? இவன் கூட்டிட்டுப் போற எடத்துல தலைவலின்னு சொல்ல வேணாம், தூத்தல்னு நெனச்சுக்கிட்டு ஒரு கூப்பாடு போடுங்க. வலி இருக்கோ இல்லியோ, அத அந்த நேபாளத்து அண்ணன் பாத்துக்கிறாரு." பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினாள். "நீயும்தான்டா. வலியச் சொல்லப் பழக ஒலகத்துல ஒனக்கு வேற மலையே கெடைக்கலியா?"

எனக்கு அது அதுவரை தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அக்கா இடித்துக் காட்டியபடி, நாங்கள் மொட்டைப் பாறையில் ஏறிப் பழகத் தொடங்கினோம். அந்தப் பாறையில் சாமி கிடையாது. கைபேசி அலை மட்டும்தான். மணல் மூட்டையோடு பாதிவழி ஏறியிருப்போம். மச்சான் நின்றார். ஒரு கையை வாயோரம் குவித்துக்கொண்டு, "கூ... குதிகால் கடிக்குது!" என்று முழுக் குரலில் கத்தினார்.

கீழே மலையில் கூடுதல் வேலையாகப் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு "கூ" மட்டும்தான் கேட்டது. குதிகால் கேட்கவில்லை. மொத்தப் பேரும் வாளியோடு ஓடினார்கள். கங்காணி மூச்சிரைக்கப் பாறைக்கு ஏறி வந்து, மழை எங்கேடா என்று எங்களைக் கிழித்துப் போட்டார். அவர் போனபின் மச்சான் பாறையில் சாய்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து பால் ஸ்டோர் பூட்டியபின் சாயங்காலத்தில்தான் பழகினோம்.

ஆரம்பத்தில் அவர் சுற்றிலும் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவார். பிறகு பழகிவிட்டது. பழகியபின் நிறுத்த முடியவில்லை. கூ, இடுப்புப் பிடிக்குது. கூ, பட்டை தோளை அறுக்குது. கூ, ஒங்க அக்கா தேங்காச் சம்பல்ல உப்பே போடல. பெரிய அளவில் வேறு சப்பாத்து வாங்கினோம். அதையும் முதல் நாளே, கூ, இப்ப இது லொடலொடங்குது என்றார்.

தாஜு கொடுத்த தவணை முடியும் நேரம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. நான் பேச ஆரம்பிக்கும் முன், மச்சானிடம் கொடு என்றார். மச்சானுக்குப் படம் பார்த்த இந்திதான் தெரியும். பக்கத்திலிருந்து நான் மொழிபெயர்த்தேன்.

"உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் தாஜு.

அன்று மச்சானுக்குத் தடிமல். மறைத்திருக்கலாம், தொலைபேசியில் யாருக்குத் தெரியப் போகிறது. மச்சான் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, நேபாளத்துக்கே கேட்கட்டும் என்பதுபோல, "கூ..." என்று கூப்பிட்டுவிட்டு ஆரம்பித்தார். மூக்கு அடைச்சிருக்கு. ராத்திரி இருமல். எடது முட்டி எறங்கறப்ப மட்டும் வலிக்குது. பெருவெரல் நகம் இப்பத்தான் மொளைக்குது. கடவாய்ப் பல்லு ஒண்ணு ஆடுது. நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அடுத்ததைச் சொன்னார்.

"போதும், போதும்" என்றார் தாஜு. சிரிக்கிறார் என்று தெரிந்தது. "பல்லைப் பிடுங்கிவிட்டு வரச் சொல். குளிரில் அது வலி கொடுக்கும். இரண்டு பேர் பெயரையும் கொடுக்கிறேன்."

"என்ன சொல்றாரு?" என்றார் மச்சான்.

"பல்லப் புடுங்கச் சொல்றாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மச்சான். போறோம்."

ஐப்பசியில் போனோம். அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. இங்கே ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். பல நாள் நடந்து, மரங்கள் முடிந்து, புல்லும் முடிந்து, கல்லும் பனியுமாகக் கிடந்த ஒரு சரிவில் ஏறிக்கொண்டிருந்தோம். முன்னால் தாஜு, அவருக்குப் பின் வெளிநாட்டுக்காரர்கள் இருவர், பிறகு நான், எனக்குப் பின்னால் மச்சான். மேரா வெள்ளையாக, அகலமாக எதிரே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது என் கண்ணுக்குப் பின்னால் மெல்லிய கம்பி ஒன்று இழுத்ததுபோல வலித்தது. சின்ன வலிதான். இன்னும் கொஞ்சம் போனால் விட்டுவிடும் என்றுகூடத் தோன்றியது.

"கூ..." என்றேன்.

வெளிநாட்டுக்காரர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். தாஜு உடனே இறங்கி வந்தார். நான் மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். கூப்பாடு கேட்ட வேகத்தில் அவருடைய வலது கை தன்னாலே பக்கத்தில் இறங்கி, இல்லாத வாளியைத் துழாவிக்கொண்டிருந்தது.

தாஜு என் கண்ணைப் பார்த்தார், நேராகக் கோடு போட்டதுபோல நடக்கச் சொன்னார், தண்ணீர் குடிக்கச் சொன்னார். பிறகு, இன்று இவ்வளவு போதும், கீழே போய்ப் படுத்து நாளைக்கு ஏறலாம் என்றார். ஏறின மலையை இறங்குவதைப் பற்றி மச்சான் ஒன்றும் கேட்கவில்லை. என் பையை வாங்கித் தன் பைமேல் போட்டுக்கொண்டு முன்னால் இறங்கினார். கொஞ்ச தூரம் போனதும் நின்றார்.

"நல்லவேளை கூப்பிட்ட மாப்ள," என்றார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு. "எனக்கும் இப்பத்தான் ஒரு சொட்டு விழுந்திச்சு."